மஞ்சளின் நிறமும் குணமும்

மஞ்சளுக்கு நிறமளிப்பது அதன் கிழங்கிலுள்ள குர்குமின் என்னும் பொருளாகும். சுண்ணாம்பு சேர்ந்தால் இது சிவக்குமென்பதை ஆலாத்தி கரைப்போர் யாவரும் அறிவர். பரிசோதனைச் சாலையில் இது சில கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதாகக் கண்டுள்ளனர். உட்கொண்டாலோ, மிகச் சொற்பமே இரத்தத்திற் சேர்கின்றது. மிளகு கூடினால் அது மிகும். எனினும் இதனைச் சர்வரோக நிவாரணியெனல் மிகை.

அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டியது வேறொன்று. வெளிச்சம் பட்டால் இந்நிறம் மங்கும். மங்கிய கிழங்கிற்கு விலை குறையுமென அஞ்சி, மெருகிடும்போது ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் நிறச் சாயத்தைத் தூவுவோருளர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வங்காளதேசத்தில் 2019-இல் சோதித்த மாதிரிகளில் நூற்றுக்கு 47-இல் ஈயம் காணப்பட்டது. அரசாங்கம் அபராதம் விதித்துக் கண்டித்தபின், 2021-இல் ஒன்றிலுமில்லை. மங்கியதை மங்கியதாகவே தரம் பிரித்துச் சங்கத்தின் மூலம் விற்றல் நலம்; விலை சிறிது குறையத்தான் செய்யும்.