இரண்டு சீட்டுகளும் ஒரு கால்வாயும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பர்மிங்காம் நகரின் தென்புறத்தில் தொடங்கி, ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரில் ஏவான் ஆற்றுடன் கலக்கிறது ஸ்ட்ராட்போர்டு கால்வாய். 1793இல் தொடங்கிய பணி 1816இல்தான் முடிந்தது. இதன் தெற்குப் பகுதி 13 மைல் நீளம் கொண்டது. நிலம் சரிந்து செல்வதால், அங்கு 30க்கும் மேற்பட்ட அடைப்புத்தொட்டிகள் அமைந்துள்ளன. அடைப்புத்தொட்டி என்பது இருமுனையிலும் கதவுகள் பொருத்தப்பட்ட கட்டுமானம் ஆகும். மேலிருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவு மூடப்படும்; முன்கதவின் மடையைத் திறந்தால், நீர் வடிய வடியப் படகும் தாழ்ந்து கீழ்மட்டத்தை அடையும். கதவு உளுத்துவிட்டால் நீர் நில்லாது. நீர் நில்லாவிடின் படகு செல்லாது.

இருப்புப்பாதை வந்தபின் நேர்ந்தது அதுவே. கால்வாய் இருப்புப்பாதை நிறுவனத்தின் கைக்கு மாறியது. சரக்குகள் தொடர்வண்டியில் ஏறின. இருபதாம் நூற்றாண்டின் இடையில் தெற்குப் பகுதி சேறும் நாணலும் மண்டிக் கிடந்தது. பழைய பாலங்களைப் புதுப்பிக்கும் செலவைத் தவிர்க்க விரும்பிய மாவட்ட நிருவாகம், 1958இல் கால்வாயைச் சட்டப்படி மூடிவிட விண்ணப்பித்தது. மூன்றாண்டுகளாக எவரும் பயன்படுத்தாத நீர்வழியைக் கைவிடலாம் என்பது அதற்குக் கிடைத்த சட்டப் பிடிமானம்.

அவ்வேளையில் சிறு துடுப்புப் படகில் அவ்வழியே சென்ற இருவரின் கட்டணச் சீட்டுகள் வெளிவந்தன. அவை மூன்றாண்டுக் காலத்திற்கு உட்பட்டவை. சிதைந்த தொட்டிகளைப் பெரும்படகு கடக்க இயலாது. ஆனால் துடுப்புப் படகைத் தோளில் தூக்கிக் கரையேறி, மறுபுறம் இறக்கிவிடலாம். அவ்வாறு சென்றாலும் அது பயணமே, கட்டணம் கட்டிய பயணமே. 1959இல் மூடல் அனுமதி மறுக்கப்பட்டது.

காகிதத்தில் பிழைத்த கால்வாயை மண்ணிலும் பிழைக்கவைக்க வேண்டியிருந்தது. 1960இல் தேசிய அறக்கட்டளை அதனைக் குத்தகைக்குப் பெற்றது. மறு ஆண்டில் பணி தொடங்கியது. பொறுப்பேற்ற டேவிட் ஹட்சிங்ஸ் கட்டடக்கலைஞர். கால்வாய்ப் பொறியாளர் அல்லர். அவருக்குக் கிடைத்த ஆள்படையும் விந்தையானது. விடுமுறை நாள்களில் வந்த தொண்டர்கள் ஒருபுறம், படைப்பிரிவினர் மறுபுறம், பர்மிங்காமின் வின்சன் கிரீன் சிறையிலிருந்து வந்த கைதிகள் இன்னொருபுறம். வாழ்வில் ஒருபோதும் ஒரே பந்தியில் அமர்ந்திராதவர்கள் ஒரே சேற்றில் முழங்கால் புதைய நின்றனர்.

பணியோ அழகற்றது. தொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் படிந்த சகதியை வாரிக் கொட்டுதல், இடிந்த செங்கற் சுவரை எடுத்துக் கட்டுதல், பருத்த மரக்கதவுகளை இறக்கிப் பொருத்துதல் என நாள்கள் நகர்ந்தன. கதவும் அதன் இருக்கையும் நன்கு பொருந்தாவிடில், நீர் எளிதாகக் கசிந்துவிடும். எனவே உழைப்பாளரின் நினைவில் நிலைக்கத்தக்க நாள், விழா நாளினும் ஒரு தொட்டி முதன்முறை நீர் நிறைந்து, வற்றாது நின்ற நாளே எனலாம்.

1964, ஷேக்ஸ்பியரின் நானூறாவது பிறந்த ஆண்டு. அவ்வாண்டு ஜூலை 11 அன்று, அரசியின் தாயார் எலிசபெத் கால்வாயைத் திறந்துவைத்தார். இங்கிலாந்தில் தொண்டர்களின் கைகளால் மீட்கப்பட்ட முதல் பெருங்கால்வாய்களுள் இதுவும் ஒன்று. பின்னாளில் வேறு கால்வாய்களை மீட்க முனைந்தோர் இதனைச் சான்றாகக் காட்டினர்.

இன்று அவ்வழியே செல்வோர் இரும்புப் பாலங்கள் சிலவற்றின் நடுவே ஒரு சிறு இடைவெளியைக் காணலாம். படகை இழுத்த குதிரையின் கயிற்றை அவிழ்க்காமலே அதனூடே விட்டு வாங்குவதற்காக முன்னோர் விட்ட இடைவெளி அது. குதிரைகள் மறைந்துவிட்டன; இடைவெளி நிற்கிறது.

ஹட்சிங்ஸ் ஓய்ந்துவிடவில்லை. கால்வாய் சென்று கலக்கும் ஏவான் ஆற்றின் மேற்பகுதியிலும் அப்போது படகு செல்ல வழியில்லை. அவர் அப்பணிக்கும் தலைமையேற்றார். பத்தாண்டு கழித்து, 1974இல், அந்நீர்வழியும் திறக்கப்பட்டது.