இலங்கை அரசியலில் தீவிர வலதுசாரி

'வலதுசாரி' என்னும் சொல் தமிழுக்குப் புதிது. 1789-இல் பிரெஞ்சு நாட்டு மன்றத்தில் மன்னரின் அதிகாரத்தைக் காக்க விரும்பியோர் தலைவருக்கு வலப்புறத்திலும், மாற்றம் வேண்டியோர் இடப்புறத்திலும் அமர்ந்தனர். அதனின்று பிறந்த வழக்கு இது. வலம் நமக்கு மங்கலச் சொல்லாதலின், மாணவர் சிலர் இதனையும் உயர்வுப் பொருளில் கொள்வதுண்டு. அவ்வாறன்று. இனம், சமயம், பழம்பெருமை ஆகியவற்றையே நாட்டின் உரிமைச் சீட்டாகக் காட்டி, ஏனையோரை வந்தேறிகள் என ஒதுக்கும் இயக்கத்தையே தீவிர வலதுசாரி என்கிறோம். நம்மவர்க்கு அணுக்கமான சான்று இலங்கை.

அங்கே அநகாரிக தர்மபாலர் (1864–1933) அந்நிய ஆட்சிக்கெதிராகப் பௌத்த மறுமலர்ச்சியைத் தொடங்கினார். 1906-இல் அவர் நிறுவிய 'சிங்கள பௌத்தயா' இதழ் அந்நிய வணிகரையும் சாடியது. 1915-இல் முசுலிம்களுக்கெதிரான கலவரம் மூண்டது. இரண்டையும் நேரே காரண காரியமாக முடிச்சிடுவது மிகை. ஆயினும் நிலம் பண்பட்டிருந்தது எனலாம். 1930-களில் பொருளாதார மந்தம் வந்தபோது, தொழிற்சங்கத் தலைவரான ஏ. ஈ. குணசிங்காவே மலையாளித் தொழிலாளரை வெளியேற்றக் கிளர்ச்சி செய்தார். தொழிலாளர் தலைவரும் இவ்வழி செல்லக்கூடும் என்பதை நோக்குக.

இனி ஒன்றைச் சற்று நின்று காணவேண்டும். 1947 தேர்தலில் தோட்டத் தமிழர் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரசு சில இடங்களை வென்றது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. இதனைச் செய்தோர் தீவிரக் குழுவினர் அல்லர், டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி! மிதவாதிகள் எனப் பெயர் பெற்றோர். தீவிரவாதி கூவுவான், சட்டமியற்றுவது பெரிய கட்சி. பின்வந்த வரலாறு முழுதும் இதே முறை.

1956-இல் பண்டாரநாயக்காவின் கூட்டணி தேர்தலில் வென்று, தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியது. அக்கூட்டணியில் பிலிப் குணவர்த்தனா போன்ற இடதுசாரிகளும் இருந்தனர். ஆதலின் வலது, இடது என்ற கோடு இங்கே வளைந்து செல்கிறது. 1957 சூலையில் செல்வநாயகத்துடன் பண்டாரநாயக்கா உடன்படிக்கை செய்தார். அதனை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டவர் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜெயவர்த்தனா. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் இல்லத்தின் முன் அமர்ந்தனர், உடன்படிக்கை கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம். 1959 செப்டம்பரில் சோமராமர் என்ற பிக்கு பண்டாரநாயக்காவைச் சுட்டார். சதியின் தலைவரெனத் தீர்ப்பளிக்கப்பட்ட களனி விகாரைப் புத்தரக்கித்தர், 1956-இல் அவருக்காகவே பிரசாரம் செய்தவர். இக்கொலையின் பின்னணியில் வாணிக ஒப்பந்த ஏமாற்றமும் பேசப்பட்டது. கொள்கை மட்டுமே காரணம் என்பது பொருந்தாது.

தோட்டத் தமிழர் கதை நீண்டது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1,50,000 பேர் பின்னர்ப் பேசுவதற்கென விடப்பட்டனர். எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு! தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எவரும் இக்கணக்கை எளிதில் கடந்துவிட இயலாது.

இக்காலத்தில், 2004 தேர்தலில் பிக்குகளையே வேட்பாளராக நிறுத்திய ஜாதிக ஹெல உறுமய 9 இடங்கள் பெற்றது. 2012-இல் தோன்றிய பொது பல சேனா முசுலிம்களைக் குறிவைத்தது. 2014 சூனில் அளுத்கமையில் அதன் கூட்டத்தை ஒட்டிக் கலவரம் எழுந்து உயிர்கள் மாய்ந்தன. மறு ஆண்டுத் தேர்தலில் அவ்வியக்கத்தார்க்கு ஓரிடமும் கிட்டவில்லை. அதன் செயலாளர் ஞானசார தேரர் நீதிமன்ற அவமதிப்புக்காக 2018-இல் சிறை சென்றார். 2019-இல் குடியரசுத் தலைவர் சிறிசேனா மன்னித்து விடுவித்தார். 2021 அக்டோபரில் கோத்தபாய ராசபக்சா, 'ஒரே நாடு ஒரே சட்டம்' என்னும் செயலணிக்கு அவரையே தலைவராக அமர்த்தினார். முதலில் அறிவித்த உறுப்பினர் பட்டியலில் தமிழர் ஒருவரும் இல்லை.