இளம் பியரின் வேண்டாச் சுவைகளும் பக்குவப்படுத்தலும்

இளம் பியர் என்பது முதன்மை நொதித்தல் முடிந்தும் இன்னும் பக்குவமடையாத பியரைக் குறிக்கும். ஜெர்மன் மொழியில் இது யுங்பியர் எனப்படுகிறது. சர்க்கரை ஆல்ககாலாக மாறி முடிந்த பின்னும் இதில் வெண்ணெய், பச்சை ஆப்பிள், அழுகிய முட்டை போன்ற மணங்கள் தங்கியிருக்கலாம். வீட்டில் முதன்முறையாக பியர் தயாரிப்பவர்கள் இதைக் கெட்டுப்போனதாக எண்ணிக் கொட்டிவிடுவதுண்டு. பெரும்பாலும் அது வீண் இழப்பு. இம்மணங்களுக்குக் காரணமான ஈஸ்ட்டே, அவகாசம் கிடைத்தால், அவற்றில் பலவற்றை நீக்கியும் விடுகிறது.

லாகர் என்ற பெயரே சேமித்து வைத்தல் என்ற பொருளுடைய ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. பவேரியாவில் 1553ஆம் ஆண்டு ஆணையின்படி ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சத் தடை இருந்தது. கோடைக்கு வேண்டிய பியரைக் குளிர்காலத்திலேயே காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் மாதக்கணக்கில் வைத்தனர். அங்கே அது தெளிந்து, சுவையும் சீரானது.

டையசிட்டைல்

இளம் பியரின் குறைகளில் அதிகம் கவனிக்கப்படுவது டையசிட்டைல். வெண்ணெய்க்கு அதன் மணத்தைத் தருவதில் இச்சேர்மத்துக்கும் பங்குண்டு. லாகர் பியரில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் இருந்தாலே பலரால் இதை உணர முடியும். ஈஸ்ட் தனக்குத் தேவையான வேலின் என்னும் அமினோ அமிலத்தைத் தயாரிக்கும்போது, ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் என்ற இடைப்பொருளில் ஒரு பகுதி செல்லிலிருந்து கசிகிறது. இதற்கு மணமில்லை. பியரில் கிடக்கும்போது, ஈஸ்ட்டின் உதவியின்றியே, மெதுவாக டையசிட்டைலாக மாறுகிறது. பின்னர் ஈஸ்ட் அந்த டையசிட்டைலை உள்ளிழுத்து அசிட்டோயினாகவும் பியூட்டேன்டையாலாகவும் மாற்றிவிடுகிறது. இவை பியரில் இருக்கும் அளவில் நாவுக்குத் தெரிவதில்லை.

இதில் தாமதமாவது முதல் மாற்றம்தான். அவசரப்பட்டு பியரைக் குளிர்வித்து ஈஸ்ட்டைப் பிரித்துவிட்டால், அன்றைக்கு நன்றாக இருந்த பியரில் சில நாட்கள் கழித்து வெண்ணெய் மணம் எழும். அதை நீக்கப் போதிய ஈஸ்ட் அப்போது இருக்காது. எனவே 10 முதல் 12 பாகை செல்சியசில் நொதிக்கும் லாகரை, நொதித்தல் முடியும் தறுவாயில் 15 முதல் 18 பாகைக்கு உயர்த்தி இரண்டு மூன்று நாட்கள் வைப்பது வழக்கம். வெப்பம் கூடுவதால் இரு மாற்றங்களும் விரைவுபடுகின்றன.

இதைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. சிறிதளவு பியரை மூடிய கண்ணாடிக் குவளையில் எடுத்து, சுமார் 60 பாகை வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறவிட்டு முகர வேண்டும். சூடாக்காத பியரில் இல்லாத வெண்ணெய் மணம் இதில் வந்தால், இடைப்பொருள் இன்னும் மீதமுள்ளது என்று பொருள்.

பிற மணங்கள்

பச்சை ஆப்பிள் மணத்தைத் தருவது அசிட்டால்டிஹைடு. ஈஸ்ட் ஆல்ககாலை உண்டாக்கும் வழியில் அதற்கு முந்தைய படி இதுவே என்பதால், நொதித்தல் முழுமையடையும்போது பெரும்பாலும் குறைந்துவிடும். அழுகிய முட்டை மணம் ஹைட்ரஜன் சல்பைடால் வருவது. லாகர் ஈஸ்ட்டில் இது இயல்பானது; கார்பன் டைஆக்சைடுடன் சேர்ந்து வெளியேறிவிடும்.

காத்திருப்பதால் தீராத குறைகளும் உண்டு. ஆக்சிஜன் பட்டதால் வரும் நனைந்த அட்டை மணமும், பாக்டீரியாத் தொற்றால் வரும் புளிப்பும் நாளாக நாளாகக் கூடவே செய்யும். பீடியோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவும் டையசிட்டைலை உண்டாக்குவதால், வெண்ணெய் மணத்துடன் புளிப்பும் சேர்ந்து ஏறினால் தொற்று என்று ஐயப்பட வேண்டும்.

புட்டியில் பக்குவப்படுத்தல்

வீட்டுத் தயாரிப்பில் பியரைச் சிறிது சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்து, ஏறத்தாழ 20 பாகையில் இரண்டு மூன்று வாரம் வைப்பது பரவலான முறை. எஞ்சியுள்ள ஈஸ்ட் அச்சர்க்கரையை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகிறது; அடைக்கும்போது புகுந்த ஆக்சிஜனில் ஒரு பகுதியையும் பயன்படுத்திக்கொள்கிறது. முதன்மை நொதித்தல் முடியும் முன்பே அடைத்தால் ஆபத்து சுவையோடு நிற்பதில்லை. மீந்த சர்க்கரையும் நொதித்து, அழுத்தம் மிகுந்து, கண்ணாடிப் புட்டி வெடிக்கக்கூடும். ஹைட்ரோமீட்டர் அளவு இரண்டு மூன்று நாட்களுக்கு மாறாமல் நின்ற பிறகே, அதுவும் அந்த பியருக்கு எதிர்பார்த்த இறுதி அளவை ஒட்டி இருந்தால் மட்டுமே, புட்டியில் அடைக்கிறார்கள். இடையில் நின்றுபோன நொதித்தலிலும் அளவு மாறாமல்தான் இருக்கும்.