துணைவியாரோடும் நண்பர்களோடும் மாலத்தீவு: போகும் முன் பேசி முடிக்க வேண்டியவை

மத்ரஸாவில் ஸனது வாங்கிய ஆண்டில் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு பேச்சு பேசிக்கொண்டோம். நால்வருக்கும் திருமணம் ஆனபின், துணைவியரோடு ஒருமுறை கடல் தாண்டிப் போய்வர வேண்டும் என்று. அதன்பின் குழந்தைகள், வீட்டுக் கடன், ஒருவருக்கு வளைகுடா வேலை, நடுவில் கொரோனா. பதினேழு ஆண்டுகள் கழித்துக் கடந்த பொங்கல் விடுமுறையில்தான், அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகளைப் பாட்டிமாரிடம் விட்டுவிட்டு எட்டுப் பேராக மாலத்தீவு போய் வந்தோம்.

வந்தபின் ஊரில் பலரும் கேட்கிறார்கள். எங்கே தங்கினீர்கள், தொழுகையை எப்படி வைத்துக்கொண்டீர்கள், பெண்களை அழைத்துப் போகலாமா, அங்கே மது ஓடுமாமே என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. நாம் செய்த ஒரு தவறையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் வரும் கேள்வி, "இந்தப் பணத்துக்கு உம்ரா போயிருக்கலாமே?" என்பது. கேட்பவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார். ஹஜ் கடமையாகும் அளவுக்கு வசதி வந்துவிட்டவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு உல்லாசப் பயணம் போவதை நாமும் ஏற்கமாட்டோம். கடன்காரர் வாசலில் நிற்கும்போது போவதும் அப்படியே. ஆனால் அந்த நிலையில் இல்லாத ஒருவர் சிறுகச் சிறுகச் சேர்த்து மனைவியை ஐந்து நாள் வெளியே அழைத்துப் போவதை வீண்விரயம் என்று சொல்ல ஃபிக்ஹில் நமக்கு இடம் தெரியவில்லை.

மாலத்தீவில் 1,192 தீவுகள். மக்கள் வாழ்பவை ஏறத்தாழ 200. மற்றவற்றில் ஒரு பகுதி ரிசார்ட்டுகள்; ஒரு தீவு, ஒரு ரிசார்ட் என்பது அங்குள்ள வழக்கம். 1972இல் முதல் ரிசார்ட் திறந்தது. பிற்பாடு சுற்றுலாவையும் உள்ளூர் மக்களையும் தள்ளித்தள்ளியே வைத்தார்கள். மதுவுக்கும் அரைகுறை ஆடைக்கும் ரிசார்ட்டில் தடையில்லை. ஊர்மக்கள் வாழும் தீவில் இரண்டுக்கும் இடமில்லை. நீண்ட காலம் வெளிநாட்டவர் ஊர்த் தீவுகளில் தங்கவே முடியாமல் இருந்தது. 2009இல் விதி மாறியது. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டை ஒட்டியே கெஸ்ட் ஹவுஸ் கட்டத் தொடங்கினார்கள். நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தாருக்கு மாலத்தீவு எட்டும் தூரத்துக்கு வந்தது அதன் பிறகுதான்.

நாங்கள் தேர்ந்தது மாஃபுஷி என்ற தீவு. திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. விமான நிலையத்தின் வாசலே படகுத்துறைதான். அங்கிருந்து ஸ்பீடு போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் மாஃபுஷி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பொடிநடையாகப் போய்விடலாம். நாட்டின் பெரிய சிறைச்சாலையும் அந்தத் தீவில்தான் இருக்கிறது என்பது போனபின்தான் தெரிந்தது; வந்த இடத்தில் நல்ல பாடம் என்று ஒரு நண்பர் சிரித்தார். ஐந்து வேளையும் பாங்கு கேட்கிறது. ஹலால் உணவைத் தேடி அலைய வேண்டியதில்லை. காலையில் மஸ் ஹுனி என்று ஒன்று தருகிறார்கள்: சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை கலந்து பிசைந்தது, தொட்டுக்கொள்ள ரோஷி. அவர்கள் மொழியில் மஸ் என்றால் மீன். நம் கடற்கரை ஊர்களில் சம்பலுக்கு இடிக்கும் மாசி அந்தத் தீவுகளிலிருந்துதான் காலங்காலமாக வந்துகொண்டிருக்கிறது. முதல் வாயிலேயே நம் துணைவியார், "இது நம்ம வீட்டு ருசியில்ல" என்றார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தீவில் மது இல்லை. ஆனால் கரைக்கு எதிரே நங்கூரமிட்ட படகுகளில் வெளிநாட்டவருக்கு உண்டு. வெளிநாட்டுப் பெண்கள் குளிக்க வேலியடைத்த கடற்கரை தனியாக இருக்கிறது. அந்தப் பக்கம் போகாமல் இருக்க எந்தச் சிரமமும் இல்லை. மற்றக் கடற்கரையில் உள்ளூர்ப் பெண்கள் முழு உடையோடுதான் கடலில் இறங்குகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் அங்கே புர்கினி அணிந்து இறங்கியபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செலவில் ஏமாந்துவிட வேண்டாம். இணையத்தில் காட்டும் அறை வாடகையோடு 2025 ஜூலை முதல் 17 சதவீதச் சுற்றுலா வரி, பெரும்பாலான இடங்களில் 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதற்குமேல் பசுமை வரி. 50 அறைகளுக்கு உட்பட்ட கெஸ்ட் ஹவுஸில் பசுமை வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர்; ரிசார்ட்டில் 12 டாலர். எட்டுப் பேருக்கு ஐந்து இரவு என்றால் 6 டாலர் கணக்கிலேயே 240 டாலர் ஆகிவிடுகிறது. விசாவை முன்கூட்டி எடுக்க வேண்டியதில்லை, இறங்கும்போது இலவசமாகத் தருகிறார்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

கிளம்புமுன் இரண்டு சுன்னத்துகளைக் கடைப்பிடித்தோம், இரண்டும் பெரிய உதவி செய்தன. மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளுங்கள் என்பது அபூதாவூதில் வரும் நபிமொழியின் கருத்து. எங்களில் இளையவரை அமீராக்கினோம். அவர் ஜவுளி வியாபாரி, கணக்கில் கெட்டி. ஆலிம் என்பதற்காக நம்மை ஆக்காதது நல்லதாயிற்று. இன்னொன்று பொதுப் பை. உணவு குறைந்துபோனால் அஷ்அரீ கோத்திரத்தார் தங்களிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். அதை நபி (ஸல்) அவர்கள் பாராட்டியது புகாரியில் இருக்கிறது. பயணத் தோழர்கள் செலவைச் சமமாகப் போட்டுக்கொள்வதற்கு அரபியில் 'நஹ்த்' என்று பெயரே உண்டு. நான்கு குடும்பமும் ஒரே தொகையைப் பையில் போட்டோம். யார் எத்தனை இளநீர் குடித்தார் என்ற கணக்கு அதோடு ஒழிந்தது. வசதி குறைந்த நண்பர் ஒருவர் இருந்தார். அவரிடம்தான் முதலில் தொகையைக் கேட்டோம். அவர் சொன்னதையே எல்லாருக்கும் வைத்தோம். இதை மட்டும் தயவுசெய்து பின்பற்றுங்கள். பல நட்புகள் உடைவது இந்த இடத்தில்தான்.

தொழுகை விஷயத்தில் எங்களுக்குள் ஒரு சின்ன விவாதம் நடந்தது. எங்களில் மூவர் ஷாஃபி, ஒருவர் ஹனஃபி. செவ்வாய் இறங்கி ஞாயிறு கிளம்பினோம். ஷாஃபி மத்ஹபில் ஓரிடத்தில் வரும் நாளையும் போகும் நாளையும் விட்டு நான்கு முழு நாள் தங்க எண்ணிவிட்டால், சேர்ந்த உடனேயே பயணி என்ற சலுகை முடிந்துவிடுகிறது. புதன், வியாழன், வெள்ளி, சனி என்று சரியாக நான்கு வந்துவிட்டது. ஆகவே வழியில் கஸ்ரும் ஜம்உம் செய்த நாங்கள் தீவில் முழுமையாகத் தொழுதோம். ஹனஃபி நண்பருக்குப் பதினைந்து நாள் எண்ணம் இல்லாதவரை கஸ்ர்தான். ஆனால் பள்ளியில் உள்ளூர் இமாமின் பின்னால் நிற்கும்போது அவருக்கும் நான்கே. எனவே வேறுபாடு அறையில் தனியாகத் தொழும்போது மட்டுமே வந்தது. மூன்று நாள் ஒரு தீவு, இரண்டு நாள் வேறு தீவு என்று பிரித்துத் தங்குவோருக்குச் சட்டம் மாறும். உங்கள் ஊர் ஆலிமிடம் நாட்களைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். கிப்லா அங்கே வடமேற்கு. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை நாள், பொதுப் படகுகள் பெரும்பாலும் ஓடா. படகுப் பயணத்தை அன்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி நம் தவறு.

முதல் இரண்டு நாள் ஆண்கள் நால்வரும் சுபுஹுக்குப் பின் மீன்பிடிக்கப் போனோம். வந்து சாப்பிட்டுப் படுத்தோம். மாலையில் ஸ்நோர்கெல் படகு, இஷாவுக்குப் பின் பழைய மத்ரஸாக் கதைகள். பெண்கள் ஓர் அறையில், நாங்கள் இன்னோர் அறையில். நண்பரின் மனைவி மஹ்ரம் அல்ல, பேணுதல் வேண்டும் என்று படகில் பெண்களைச் சேர்க்கவே இல்லை. எல்லாம் மார்க்கப்படி நடக்கிறது என்றே நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். இரண்டாம் இரவு துணைவியார் கோபமே இல்லாமல் சொன்னார்: "நீங்க சந்தோஷமா இருக்கீங்க, அதுவே போதும். எங்களுக்குத்தான் இங்கயும் நாலு சுவரு. அங்க சமைச்சுக்கிட்டு இருந்தோம், இங்க சமைக்கல, அவ்வளவுதான்."

அவர் கடலோர ஊரில் பிறந்தவர். நாற்பது வயதுக்கு முழங்காலுக்கு மேல் கடல்நீர் பட்டதில்லை. அதை அன்றைக்குத்தான் நாம் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

நாம் பலமுறை மேடையில் சொன்ன ஒரு நிகழ்ச்சி அப்போது நினைவுக்கு வந்தது. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். ஆயிஷா (ரலி) முந்தினார்கள். பிற்காலத்தில் இன்னொரு பயணத்தில் நபியவர்கள் முந்தி, அன்றைக்கு இது ஈடு என்றார்கள். மனைவியோடு விளையாடுவது சுன்னத் என்பதற்கு இதை ஆதாரமாகச் சொல்வோம். தோழர்களை முன்னே போகச் சொன்னார்கள் என்பதை அதுவரை நாம் நிறுத்தி யோசித்ததில்லை. பேணுதலுக்காகப் பெண்ணைப் பின்னால் உட்கார வைக்கவில்லை. ஆண்களை நகரச் சொன்னார்கள்.

மறுநாள் காலை அமீரிடம் சொன்னோம். அவர் பத்து நிமிடத்தில் திட்டத்தை மாற்றிவிட்டார். சுபுஹுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் கடற்கரை பெண்களுக்கு, நாங்கள் தீவின் மறுபக்கம். மாலையில் ஒவ்வொரு நாளும் ஒரு தம்பதிக்குத் தனி நேரம், மற்றவர்கள் குறுக்கே வரக்கூடாது. படகை இரண்டு நடையாக எடுத்தோம், ஒரு நடைக்கு இரண்டு தம்பதிகள். செலவு கூடியது, பொதுப் பையிலிருந்தே கொடுத்தார். மீன்பிடி ரத்தானது, யாரும் வருந்தவில்லை என்று சொன்னால் பொய்.

நீச்சல் தெரியாதவர்களை இறக்கும்போது கவனம் வேண்டும். அங்கே கடல் குளம் போலத் தெளிவாகத் தெரியும், அதுதான் ஆபத்து. பவளத்திட்டுகளின் நடுவே உள்ள கால்வாய்களில் கடல் ஏற்ற இறக்கத்தோடு நீரோட்டம் மாறுகிறது. நிற்கும் இடத்திலிருந்து அரை நிமிடத்தில் நகர்த்திவிடும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் இறங்க விடாதீர்கள், ஆண்களையும்தான். முதல் நாள் நம் நண்பர் ஒருவர் வெட்கப்பட்டு ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். படகுக்காரப் பையன் குதித்துப் பிடித்து இழுத்து வந்தான். இதை ஊரில் சொல்லக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார், பெயர் சொல்லவில்லை.

துணைவியார் நம் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். முகமூடியை மாட்டி, மூச்சைப் பழகி, முகத்தை நீரில் வைத்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை. பயந்துவிட்டாரோ என்று தோளைத் தட்டினோம். நிமிர்ந்து, "கீழ ஒரு ஊரே இருக்கு" என்றார். அதற்குப் பின் நம் கையை விட்டுவிட்டார்.

திரும்பும் நாளில் மாலேயில் ஹுகுரு மிஸ்கீ என்னும் பழைய ஜும்ஆப் பள்ளியைப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். 1658இல் பவளக்கல்லால் கட்டியது. சுவர் முழுதும் செதுக்கிய எழுத்துகள். கட்டடம் ஒரு திசையைப் பார்க்க, ஸஃபுகள் அதற்குச் சாய்வாக நிற்கும். எதிரே இருக்கும் அடக்கத்தலம் 1153இல் அந்நாட்டு மன்னர் இஸ்லாத்தை ஏற்கக் காரணமானவருடையது என்கிறார்கள். 1340களில் இப்னு பதூதா அங்கே காழியாக இருந்தார். ஆட்சியில் இருந்தவர் சுல்தானா கதீஜா என்ற பெண். பெண்களின் உடை விஷயத்தில் தம் உத்தரவு எடுபடவில்லை என்று அவரே தம் பயண நூலில் ஒப்புக்கொள்கிறார். கல்லூரியில் வரலாறு படித்த காலத்தில் இதைப் படித்துச் சிரித்தது உண்டு; இம்முறை அந்தப் பள்ளிவாசலில் நின்றபோது காழியார்மேல் கொஞ்சம் பரிவும் வந்தது.

பவளத் துண்டுகளைப் பையில் போட்டு வராதீர்கள், நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. மாசி வாங்கி வரலாம். பெண்கள் நால்வரும் மாலே சந்தையில் விலை பேசி வாங்கினார்கள். பொதுப் பையில் மீதமிருந்தது அதற்குச் சரியாகப் போயிற்று. அமீர் விமானத்தில் உட்கார்ந்து கணக்கை வாசித்தார். யாரும் கேட்கவில்லை. பெண்கள் அடுத்த தடவை எந்தத் தீவு என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.