இருபரிமாண விளையாட்டுக்கும் ஒரு பெட்டி வேண்டும்

கடந்த 2025 செப்டம்பர் 4ஆம் தேதி ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ விளையாட்டு வெளியானபோது, வாங்க வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் ‘ஸ்டீம்’ உள்ளிட்ட இணைய விற்பனைத் தளங்கள் சிறிது நேரம் முடங்கின. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் இயங்கும் ‘டீம் செர்ரி’ என்ற மிகச் சிறிய குழு உருவாக்கிய இருபரிமாண விளையாட்டு அது. விலை 20 அமெரிக்க டாலர். உலகெங்கும் பேசப்பட்ட அந்த விளையாட்டை அன்று எந்தக் கடைக்குப் போயும் கையில் வாங்கியிருக்க முடியாது. பதிவிறக்கம் ஒன்றே வழி.

அந்த வாரம் என் பல்கலைக்கழக நண்பர்களிடையே இதுதான் பேச்சு. “பக்கவாட்டில் ஓடிக் குதிக்கும் விளையாட்டுக்குப் பெட்டி எதற்கு?” என்று ஒருவன் கேட்டான். பலரும் தலையாட்டினார்கள். பெரும் பொருட்செலவில் உருவாகும் முப்பரிமாண விளையாட்டுகள் கடை அலமாரியில் இருக்கட்டும், இருபரிமாண விளையாட்டுகளுக்குப் பதிவிறக்கமே போதும் என்பது அவர்கள் கருத்து.

எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. இன்றைய நிலையில், பெட்டியில் வருவதால் உண்மையான பயன் கிடைப்பது பெரும்பாலும் இருபரிமாண விளையாட்டுகளுக்குத்தான்.

‘2டி என்றால் மலிவு’

முதலில் இந்த எண்ணத்தைப் பார்ப்போம். 2021 அக்டோபரில் நிண்டெண்டோ நிறுவனம் ‘மெட்ராய்டு டிரெட்’ விளையாட்டை 60 அமெரிக்க டாலருக்கு வெளியிட்டபோது, பக்கவாட்டு விளையாட்டுக்கு முழு விலையா என்று விளையாட்டாளர்கள் வாதிட்டனர். ஈராண்டுகள் கழித்து அதே முழு விலையில், அட்டையாகவும் கடைகளுக்கு வந்தது ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்’. இரு வாரங்களுக்குள் 4.3 மில்லியனுக்கு மேல் விற்றது. அதனால், கடையில் வைத்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்ற வாதம் எடுபடாது.

உழைப்பிலும் இருபரிமாணம் குறைந்ததன்று. ‘கப்ஹெட்’ விளையாட்டின் பாத்திரங்களை 1930களின் கேலிச்சித்திரப் படங்களைப் போலவே ஒவ்வோர் அசைவாகக் காகிதத்தில் கையால் வரைந்தார்கள். அதை முடிப்பதற்காக அதன் படைப்பாளர்களான மோல்டன்ஹாவர் சகோதரர்கள் தங்கள் வீடுகளையே அடமானம் வைத்தனர். 2017ல் வெளியான அந்த விளையாட்டு பெட்டியில் வருவதற்கு 2022 டிசம்பர் வரை ஐந்து ஆண்டுகள் ஆயின. ‘ஸ்டார்டியூ வேலி’ விளையாட்டை எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் தனியாக உட்கார்ந்து உருவாக்கினார். திரையில் ஆழம் தெரியவில்லை என்பதற்காக வேலையிலும் ஆழம் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இருந்தாலும், உழைப்பை மட்டும் காரணம் காட்டிப் பெட்டி கேட்க நான் வரவில்லை. அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. அது விளையாட்டின் அளவு.

இன்றைய பெரிய விளையாட்டுகள் 100 கிகாபைட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன. ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினியில் 150 கிகாபைட் இடம் கேட்கிறது. இப்படிப்பட்டவற்றைக் கடையில் வாங்கினாலும் பாதி வேலை பதிவிறக்கத்தில்தான் நடக்கிறது. 2025ல் வந்த ‘நிண்டெண்டோ சுவிட்ச் 2’ கருவிக்கான சில விளையாட்டு அட்டைகளில் விளையாட்டே இல்லை. அந்த அட்டை ஒரு திறவுகோல் மட்டுமே. அதைச் செருகி, இணையத்திலிருந்து முழு விளையாட்டையும் இறக்கிக்கொள்ள வேண்டும். என்றாவது அந்த நிறுவனத்தின் கணினிகள் நிறுத்தப்பட்டால், கையில் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக்.

அப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2014ல் வட்டாகக் கடைகளில் விற்கப்பட்ட ‘தி குரூ’ என்ற கார்ப்பந்தய விளையாட்டு, எந்நேரமும் இணைய இணைப்பு தேவைப்படும் வகையில் அமைக்கப்பட்டது. 2024 மார்ச் 31ஆம் தேதி அதன் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. பணம் கொடுத்து வாங்கிய வட்டு அன்றுமுதல் யாருக்கும் பயன்படவில்லை.

இப்போது ‘செலஸ்ட்’ விளையாட்டைப் பாருங்கள். மலை ஏறும் ஒரு பெண்ணின் கதை. மொத்தமே ஏறத்தாழ 1 கிகாபைட். ‘ஸ்டார்டியூ வேலி’யும் அதே போலச் சிறியதுதான். ஒரு சாதாரண அட்டையில் முதல் காட்சி முதல் கடைசிக் காட்சி வரை முழுவதும் அடங்கிவிடும். இணைய இணைப்பு வேண்டாம், கணக்கு வேண்டாம். இருபது ஆண்டுகள் கழித்துக் கருவியில் செருகினாலும் ஓடும். பெட்டி என்ற சொல்லுக்கு இன்னும் அர்த்தம் இருப்பது இங்கேதான்.

ஆறு ஆண்டுகள் காணாமற்போன விளையாட்டு

பதிவிறக்கத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ‘ஸ்காட் பில்கிரிம்’ நல்ல எடுத்துக்காட்டு. 2010ல் பதிவிறக்கமாக மட்டுமே வெளிவந்த இருபரிமாணச் சண்டை விளையாட்டு இது. 2014 டிசம்பர் இறுதியில் இணையக் கடைகளிலிருந்து ஓசையின்றி நீக்கப்பட்டது. அதன்பின் 2021 ஜனவரி வரை புதிதாக யாரும் அதை முறையாக வாங்க முடியவில்லை. வட்டாக வந்திருந்தால் யாரிடமாவது ஒரு பழைய பிரதி கிடைத்திருக்கும். ரசிகர்களின் தொடர் வேண்டுகோளுக்குப் பிறகு அது மீண்டும் வந்தபோது, பெட்டிப் பதிப்பும் கூடவே அறிவிக்கப்பட்டது.

அமெரிக்காவின் ‘காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை’ 2023ல் வெளியிட்ட ஆய்வு, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையிலேயே இல்லை என்கிறது. அவற்றில் பலவற்றை இன்றும் விளையாட முடிகிறது என்றால், யாரோ ஒருவர் பழைய அட்டையையோ வட்டையோ பத்திரமாக வைத்திருப்பதே காரணம். இன்றைய விளையாட்டுகளுக்கு அந்த ‘யாரோ ஒருவர்’ எங்கிருந்து வருவார்?

பதிவிறக்கத்தில் நாம் வாங்குவது விளையாட்டை அன்று, விளையாடும் அனுமதியை. 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த கலிஃபோர்னியா சட்டம் ஒன்று, இதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று இணையக் கடைகளுக்கு ஆணையிடுகிறது. பலருக்கு அதற்குப் பிறகுதான் விவரம் புரிந்தது.

கைமாற்ற முடியாத சமையல் குறிப்பு

இதை எனக்கு நன்றாக உணர்த்தியது ‘வெண்பா’. 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதியும் அவர்கள் மகனும்தான் கதை. டொரோண்டோவின் ‘விசை கேம்ஸ்’ குழு 2023 ஜூலையில் வெளியிட்ட இருபரிமாண விளையாட்டு. அடுத்த ஆண்டே சிறந்த அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. தாய் கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விடுபட்ட வரிகளை நாமே ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும்.

என் பாட்டி காணொளி விளையாட்டுப் பக்கமே வராதவர். புட்டு அவிக்கும் காட்சியில் அடுக்கு வரிசையை நான் மாற்றிப் போட்டபோது, பின்னாலிருந்து “மாவு முதலில் இல்லடா, தேங்காய்ப்பூ!” என்று திருத்தினார். கிள்ளானில் இருக்கும் என் அத்தை அதைக் கேள்விப்பட்டு, தன் மகளுக்கும் விளையாடக் கொடுத்தனுப்பச் சொன்னார். நான் அதைப் பதிவிறக்கமாக என் கணக்கில் வாங்கியிருந்தேன். என் கணக்கில் இருப்பதை எடுத்து ஒரு பையில் போட்டு ஜோகூர் பாலத்தைத் தாண்டி அனுப்ப முடியாது. தாயிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறும் ஒரு புத்தகத்தைப் பற்றிய விளையாட்டை, நான் யாருக்கும் கைமாற்ற முடியவில்லை.

மாணவர்களுக்கு இதில் பணக்கணக்கும் உண்டு. பகுதிநேர வேலையில் வரும் காசில் விளையாட்டு வாங்குபவர்கள் நாம். 70 வெள்ளிக்கு வாங்கிய அட்டையை ஆடி முடித்ததும் ‘கேரோசல்’ தளத்தில் 45 வெள்ளிக்கு விற்றால், உண்மையான செலவு 25 வெள்ளிதான். அந்த 45 வெள்ளி அடுத்த விளையாட்டுக்கு முதல். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் தம்பியும் அவன் நண்பர்கள் மூவரும் ஆளுக்கொரு அட்டை வாங்கி மாற்றிக்கொள்கிறார்கள். பதிவிறக்கத்தில் இந்த இரண்டுமே எளிதில் நடக்காது.

மறுபக்கமும் உண்டு

எல்லா விளையாட்டையும் அட்டையாக்கு என்று சொல்வது எளிது, செய்வது கடினம். பதிவிறக்கத்துக்கு முன்பணம் தேவையில்லை. அட்டைக்கோ, ஒரு பிரதிகூட விற்பதற்கு முன்பே உற்பத்திச் செலவு, கப்பல் செலவு, கடைக்காரர் பங்கு என்று காத்திருக்கின்றன. மூன்று பேர் கொண்ட குழுவுக்கு விற்காத ஆயிரம் பெட்டிகள் பெரும் சுமை. விற்காத பிளாஸ்டிக் சுற்றுச்சூழலுக்கும் கேடு.

இன்னொன்று, விளையாட்டுகள் வெளியான பின்னும் வளர்கின்றன. ‘ஸ்டார்டியூ வேலி’யின் 1.6 பதிப்பு 2024ல், விளையாட்டு வெளியாகி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. அதற்கு முன் அச்சிட்ட அட்டைகளில் அந்தப் புதிய பகுதிகள் இருக்காது.

இதற்காகவே சில நிறுவனங்கள் குறுகிய கால முன்பதிவு பெற்று, கேட்டவர்களுக்கு மட்டும் அச்சிடுகின்றன. வீண் குறைகிறது. ஆனால், முன்பதிவைத் தவறவிட்டவர் பிறகு சேகரிப்பாளர்களிடம் கூடுதல் விலை கொடுக்க வேண்டியுள்ளது. கண்ணாடி அலமாரியில் பிரிக்காமல் வைக்கப்படும் பெட்டி, என் தம்பி போன்றவர்களுக்கு உதவாது.

எனவே என் கருத்து இதுதான். வெளியீட்டு நாளன்றே பெட்டி வர வேண்டியதில்லை. முதல் ‘ஹாலோ நைட்’ 2017ல் பதிவிறக்கமாக வந்து, இலவச இணைப்புகள் எல்லாம் சேர்ந்தபின் 2019ல் பெட்டியில் வந்தது. அதுவே நல்ல வரிசை. முதலில் பதிவிறக்கம், வரவேற்பு தெரிந்து, பிழைகள் திருத்தி, விளையாட்டு நிறைவடைந்தபின் சாதாரண விலையில் அட்டை. நம் சிங்கப்பூரின் ‘தி ஜென்டில்புரோஸ்’ குழுவின் ‘கேட் குவெஸ்ட்’ முதலிரு பாகங்களும் பிற்பாடு ஒரே பெட்டியில் சேர்ந்து வந்ததும் இந்த வழியில்தான்.

வாங்கும் நாமும் சிலவற்றைக் கவனிக்கலாம். பெட்டியின் முன்புறத்திலோ பின்புறத்திலோ “பதிவிறக்கம் தேவை” என்ற குறிப்பு உள்ளதா என்று பாருங்கள். தனியாக விளையாடவும் இணையம் வேண்டுமா என்று விசாரியுங்கள். பிடித்த சிறு குழுவின் விளையாட்டு அட்டையாக வரும்போது, முடிந்தால் அதையே வாங்குங்கள். அடுத்த குழு துணிந்து அச்சிட அதுதான் ஊக்கம் தரும்.

‘வெண்பா’ நல்ல அட்டையாகக் கடையில் கிடைத்தால் இரண்டு வாங்குவதாக இருக்கிறேன். ஒன்று கிள்ளானுக்கு.