பழைய காருக்குச் சின்ன அடி: கிளெய்மா, கைக்காசா?



நம் சங்க உறுப்பினர்களில் பலர் வீட்டில் இன்று ஒரு கார் நிற்கிறது. அடிக்கடி புதுக்கார் மாற்றுகிறவர்கள் நம்மில் குறைவு. எட்டு ஆண்டு, பத்து ஆண்டு ஓடிய வண்டியைப் பேணி வைத்து ஓட்டுகிறவர்களே அதிகம். அந்த வண்டியை பஜாரில் நிறுத்தியிருக்கும்போது பின்னால் வரும் லாரி இடிக்கிறது. சரக்கு ஏற்றிய தட்டுவண்டி உரசுகிறது. பம்பர் பிளக்கிறது, கதவு நசுங்குகிறது. உயிருக்குச் சேதமில்லை, ஆனால் செலவு வந்து விடுகிறது.

இந்த நேரத்தில் நம்மவர்கள் இரண்டு விதமாக நடந்து கொள்கிறார்கள். ஒரு சாரார், "வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிறோமே, சும்மா விடுவானேன்?" என்று ஒவ்வொரு கீறலுக்கும் கிளெய்ம் போடுகிறார்கள். மறு சாரார், "அந்த ஆபீசுக்கு யார் அலைவது?" என்று நாற்பதாயிரம் ரூபாய் செலவைக்கூடக் கைக்காசில் செய்து விடுகிறார்கள். இரு சாராருக்கும் நஷ்டம்தான். கிலோவுக்கு 25 காசு வித்தியாசம் என்றால் நான்கு கமிஷன் மண்டியில் விசாரிக்கிற நாம், இந்த விஷயத்தில் மட்டும் பேப்பரும் பேனாவும் எடுப்பதில்லை.

முதலில் உங்கள் பாலிசி எந்த வகை என்று பாருங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமாக இருக்க வேண்டியது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே. அது மட்டும் இருந்தால் உங்கள் கதவு நசுங்கியதற்கு உங்கள் கம்பெனி ஒரு பைசாவும் தராது. 'சொந்தச் சேதம்' என்ற பகுதியும் சேர்ந்த முழுப் பாலிசி இருந்தால்தான் கீழே சொல்லும் கணக்கு பொருந்தும்.

கம்பெனி கழிப்பது எவ்வளவு?

பில் தொகை முழுவதும் வரும் என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். பாலிசியிலேயே தேய்மான அட்டவணை அச்சிட்டிருக்கும். வழக்கமான அட்டவணை இதுதான்:

பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்கள், டயர், பேட்டரி: வண்டிக்கு வயது எதுவானாலும் 50 சதவீதம் கழிவு.

கண்ணாடி: கழிவு இல்லை.

இரும்புத் தகடு முதலான மற்ற பாகங்கள்: வண்டியின் வயதைப் பொறுத்தது. 5 முதல் 10 ஆண்டு வரை 40 சதவீதம், 10 ஆண்டைத் தாண்டினால் 50 சதவீதம்.

பெயிண்டிங்: மெட்டீரியல் விலையில் 50 சதவீதம் கழிவு. கூலியும் மெட்டீரியலும் பிரிக்காமல் பில் போட்டால், மொத்தத்தில் 25 சதவீதத்தை மெட்டீரியல் என்று வைத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள்.

டிங்கரிங் கூலிக்குத் தேய்மானம் கிடையாது. இவை போக, கட்டாயக் கழிவு என்று ஒன்று உண்டு. 1500 சி.சி. வரை உள்ள காருக்கு ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000. ஒவ்வொரு விபத்துக்கும் இது தனித்தனியாகக் கழியும். போன மாதம் பட்ட அடியையும் இந்த மாதம் பட்ட அடியையும் ஒரே கிளெய்மில் சேர்க்க முடியாது.

தேய்மானமே கழிக்காத 'ஜீரோ டெப்ரிசியேஷன்' பாலிசியும் இருக்கிறது. ஆனால் அதைப் பெரும்பாலும் புதிய வண்டிகளுக்குத்தான் தருகிறார்கள். பழைய வண்டிக்கு எளிதில் கிடைப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத செலவு

பலரும் கணக்கில் சேர்க்காதது நோ-கிளெய்ம் போனஸ். கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் முதலாண்டு 20, பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யமாகி விடும். மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

ஒரு வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியம், போனஸ் கழிக்கும் முன் ரூ.6,000 என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீத போனஸ் இருப்பதால் கட்டுவது ரூ.3,000. கிளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு ரூ.6,000 கட்ட வேண்டும்; அதிகப்படி ரூ.3,000. அதற்கடுத்த ஆண்டுகளில் அதிகப்படி ரூ.1,800, ரூ.1,500, ரூ.900, ரூ.300. ஐந்து ஆண்டில் மொத்தம் ரூ.7,500. இதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ரூ.1,350. ஆக ரூ.8,850.

சுருக்கமாகச் சொன்னால், 50 சதவீத போனஸ் வைத்திருப்பவருக்கு ஒரு கிளெய்மின் விலை, போனஸ் கழிக்காத சொந்தச் சேதப் பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கு, அதன் மேல் ஜி.எஸ்.டி. போனஸே இல்லாதவருக்கு அரை மடங்குதான். பிரீமியம் ஆண்டுக்காண்டு சற்று மாறும் என்றாலும் மதிப்புப் போட்டுப் பார்க்க இது போதும்.

இரண்டு அடி, இரண்டு முடிவு

மேலே சொன்ன அதே வண்டி, வயது 9, 1200 சி.சி. என்று வைத்து இரண்டு கணக்கைப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், அவரவர் எஸ்டிமேட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் வண்டிக்குப் பின் பம்பர் உடைந்து, ஒரு கதவு நசுங்கியிருக்கிறது. கம்பெனி ஒர்க்ஷாப் எஸ்டிமேட்: பம்பர் ரூ.3,000, டிங்கரிங் ரூ.2,500, பெயிண்டிங் ரூ.6,000. ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.13,570. பம்பரில் ரூ.1,500, பெயிண்டில் ரூ.750, இவற்றுக்கான வரி ரூ.405, கட்டாயக் கழிவு ரூ.1,000 போகக் கம்பெனி தருவது ரூ.9,915. நம் கையிலிருந்து ரூ.3,655. இத்துடன் போனஸ் நஷ்டம் ரூ.8,850 சேர்த்தால் நமக்கு உண்மையான செலவு ரூ.12,505. முழு பில்லையும் கைக்காசில் கட்டினால் ரூ.13,570. மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். இதே வேலையை நம்பிக்கையான உள்ளூர் டிங்கரிங் பட்டறையில், பம்பரை மாற்றாமல் ஒட்டிப் பெயிண்ட் அடித்துப் பாதிச் செலவில் முடித்து விடலாம். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது இங்கே சரியாகப் பொருந்தும். இதற்குக் கிளெய்ம் வேண்டாம்.

இரண்டாவது வண்டிக்கு முன்பக்கம் அடி. பானெட், மட்கார்டு ரூ.8,500, ஹெட்லைட், கிரில், பம்பர் ரூ.7,500, முன் கண்ணாடி ரூ.6,000; கூலி ரூ.6,000, பெயிண்டிங் ரூ.12,000. மொத்தம் ரூ.40,000, வரியுடன் ரூ.47,200. தகட்டில் ரூ.3,400, பிளாஸ்டிக்கில் ரூ.3,750, பெயிண்டில் ரூ.1,500 கழித்து, வரி சேர்த்து, கட்டாயக் கழிவும் போகக் கம்பெனி தர வேண்டியது ரூ.35,993. போனஸ் நஷ்டம் ரூ.8,850-ஐக் கழித்தாலும் ரூ.27,000-க்கு மேல் லாபம். அலைச்சலுக்குப் பயந்து இதை விட்டுக் கொடுப்பது, வரவேண்டிய பாக்கியைத் தள்ளுபடி செய்வதற்குச் சமம்.

ஆகவே அடி பட்ட அன்றே இரண்டு இடத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். மறுநாளுக்குள் முடிவு செய்யுங்கள். தாமதமாகத் தெரிவித்தால் அதையே ஒரு காரணமாகப் பிடித்துக் கொள்ள இடம் கொடுத்ததாகும்.

கிளெய்ம் என்று முடிவானால்

வண்டியை நகர்த்தும் முன்பே நம்பர் பிளேட் தெரியும்படி நாலு பக்கமும் படம் எடுங்கள். கம்பெனிக்குத் தெரிவித்து, கிளெய்ம் நம்பரைக் குறித்துக் கொள்ளுங்கள். அவர்கள் பார்வையிடும் முன்பு ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. இடித்தவரோடு சமரசமாகப் பணம் வாங்கிக் கொண்டால், அதே சேதத்துக்குக் கம்பெனியிடம் கேட்கக் கூடாது. நம் வண்டி இன்னொருவரை இடித்திருந்தால், கம்பெனியைக் கேட்காமல் "நான் தந்து விடுகிறேன்" என்று வாக்குக் கொடுப்பதும் கூடாது. பாலிசி நிபந்தனையில் அது இருக்கிறது.

"பழைய கீறலையும் இதில் சேர்த்து விடலாம் சார்" என்று பட்டறைக்காரர் ஆசை காட்டுவார். இணங்காதீர்கள். பொய் சேர்ந்தால் உண்மையான பங்கும் போய்விடும். கடைக்கும் கோடவுனுக்கும் தீ இன்சூரன்ஸ் எடுத்திருக்கிற நமக்கு, கம்பெனிப் பதிவில் ஒரு கரும்புள்ளி விழுவது நல்லதல்ல.

பழைய வண்டிக்கு அடிக்கடி வருகிற தகராறு, "இது பழைய அடி" என்பதுதான். எனக்கும் 2022-இல் இது நேர்ந்தது. என் 11 வயது வண்டியின் கதவு நசுங்கியதைப் பழைய சேதம் என்று சொல்லி, பார்வையிட வந்தவர் அந்தத் தொகையை அடித்து விட்டார். ஒவ்வொரு முறை பாலிசி புதுப்பிக்கும் நாளிலும் வண்டியைச் சுற்றிப் படம் எடுத்து வைப்பது என் வழக்கம். மூன்று மாதத்துக்கு முந்தைய அந்தப் படத்தைத் தேதியுடன் இணைத்து, மறுப்பதற்கான காரணத்தை எழுத்து மூலம் தரும்படி ஒரு கடிதம் கொடுத்தேன். பன்னிரண்டு நாளில் பணம் வந்தது. வாய்ப்பேச்சுக்கு வராத பணம் ஒரு கடிதத்துக்கு வந்தது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

ஒன்று: தனியார் கார் பாலிசியில் சரக்கு ஏற்றுவதற்கு அனுமதி இல்லை. சாம்பிளும் சொந்த லக்கேஜும் மட்டுமே ஏற்றலாம். பின் சீட்டை மடக்கி நாலு மூட்டை பருப்பை ஏற்றிப் போகும்போது அடிபட்டால் கிளெய்ம் மறுக்கப்பட வாய்ப்பு உண்டு.

இரண்டு: கடைப் பையன் ஓட்டினாலும் அவரிடம் செல்லுபடியான லைசென்ஸ் இருக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த காரின் ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

மூன்று: நிறுவனத்தின் பெயரில் கார் இருந்தாலும், நம் போன்ற வியாபாரிகளுக்கு அதன் ரிப்பேர் பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. ஆகவே வரியையும் சேர்த்துக் கேளுங்கள். சரக்கு வண்டி என்றால் வரவு கிடைக்கும். அந்த வரியைக் கம்பெனி தராது. உதிரி பாகங்களுக்கு இருந்த 28 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் சரிபாருங்கள்.

நான்கு: ஐந்து ஆண்டைத் தாண்டிய வண்டியின் மதிப்பு நாமும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. பிரீமியம் குறையும் என்று ஏஜெண்ட் மதிப்பை மிகக் குறைத்துப் போட்டால், ரிப்பேர் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டும்போது முழுச் சேதம் என்று முடிவாகி, அந்தக் குறைந்த தொகையோடு வண்டி கைவிட்டுப் போகும். சொந்தச் சேதப் பிரீமிய விகிதம் 2007 முதல் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மதிப்பைக் குறைக்காமல் விகிதத்தில் பேரம் பேசுங்கள்.

ஐந்து: பழைய கார் வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் போனஸ் உங்களுக்கு வராது. போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் உங்கள் போனஸும் போய்விடும்.

தராமல் இழுத்தால்

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, சர்வேயர் தேவைப்படும் கிளெய்முக்கு 24 மணி நேரத்தில் அவரை நியமிக்க வேண்டும். அவர் அறிக்கை 15 நாளில் வர வேண்டும். அது வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, எந்த வரியில் எவ்வளவு கழித்தார்கள் என்று அட்டவணையோடு ஒப்பிடுங்கள். தப்பு இருந்தால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை.

அன்பர்களே! இன்சூரன்ஸ் கம்பெனி நமக்கு எதிரியும் அல்ல, தர்ம சத்திரமும் அல்ல. நம்மைப் போல அதுவும் ஒரு வியாபாரி. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைக் கேட்டால் தர வேண்டியவர்; எழுதாததைக் கேட்டால் தர மாட்டார். ஆகவே இன்று இரவு கடை கட்டிய பிறகு பாலிசியை எடுத்து, போனஸ் கழிக்கும் முன் உள்ள சொந்தச் சேதப் பிரீமியம் எவ்வளவு, போனஸ் எத்தனை சதவீதம் என்ற இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். அடி படுகிற நாளில் பதற்றத்தில் முடிவெடுக்காமல் கணக்குப் பார்த்து முடிவெடுக்கலாம்.