கதைக்குள் ஓடும் எஞ்சின்

பள்ளிக்கூட மணி அடித்ததும் நாலைந்து சிறுவர்கள் ஒருவன் சட்டையை ஒருவன் பற்றிக்கொண்டு 'குப் குப்' என்று ஓசையெழுப்பியபடி ஓடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். முன்னால் நிற்பவன்தான் எஞ்சின். அந்தப் பதவிக்காக நடக்கும் சண்டை சிறிதன்று. புதுக்கோட்டைப் பாதையில் நீராவி எஞ்சின் ஓடி ஓய்ந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அதைக் கண்டறியாத பிள்ளைகளும் இன்றுவரை 'குப் குப்' என்றே ஓடுகிறார்கள். டீசல் எஞ்சினைப் போல உறுமிக்கொண்டு ஓடும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. நீராவி எஞ்சினுக்கு மூச்சு உண்டு, பெருமூச்சு உண்டு, மேட்டில் ஏறும்போது முனகலும் உண்டு. பேச்சு ஒன்றுதான் இல்லை. அதையும் கொடுத்துவிட்டார் ஒருவர்.

இங்கிலாந்தில் பாக்ஸ் என்ற சிற்றூரில், இருப்புப்பாதைக்கு அருகிலிருந்த வீட்டில் வளர்ந்தவர் வில்பர்ட் ஆட்ரி. இரவில் படுக்கையில் கிடந்தபடி, சரக்கு வண்டியை இழுத்துக்கொண்டு மேடேறும் எஞ்சினின் திணறலைக் கேட்பார். பின்னாலிருந்து தள்ளும் துணை எஞ்சின் அதற்கு மறுமொழி சொல்வதுபோல் அந்தச் சிறுவனுக்குத் தோன்றும். பின்னாளில் அவர் பாதிரியாரானார். 1942-43-ஆம் ஆண்டுகளில் அவருடைய மகன் கிறிஸ்டபர் தட்டம்மையால் படுத்திருந்தபோது, குழந்தைக்குப் பொழுது போக எஞ்சின்கள் பேசும் கதைகளைச் சொன்னார். அவை 1945-ல் நூலாக வெளிவந்தன. அடுத்த ஆண்டு வெளிவந்த இரண்டாம் நூலில்தான் தாமஸ் என்னும் நீல நிறச் சிறு எஞ்சின் தோன்றியது. 1972-க்குள் ஆட்ரி எழுதிய நூல்கள் 26.

இந்த நூல்களைப் படித்த பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. முன் படத்தில் இருந்தது பின் படத்தில் மாறியிருக்கிறதே, இது எந்த ஊர்ப் பாதை என்றெல்லாம் ஆசிரியரைக் கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்வதற்காகவே ஆட்ரி சோடார் என்ற ஒரு தீவைக் கற்பித்து, அதற்குப் படம் வரைந்து, வரலாறும் வகுத்தார். கேள்வி அத்துடன் நிற்குமா? கதையில் வரும் எஞ்சினுக்கு உண்மையான மூலம் எது என்ற தேடல் தொடங்கிற்று. பிள்ளைகளாயிருந்தவர்கள் வளர்ந்து முதியவர்களான பின்னும் அந்தத் தேடலை விடவில்லை. சக்கரங்களை எண்ணி, புகைபோக்கியின் வடிவத்தை ஒப்பிட்டு, பழைய வரைபடங்களைப் புரட்டி வாதிடும் அன்பர்கள் இன்றும் பலர்.

அவர்கள் தேடிக் கண்டவற்றுள் மகிழ்ச்சியானதும் உண்டு, வருந்தத்தக்கதும் உண்டு. வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்ற குறும்பாதை மூடப்படும் நிலையில் இருந்தது. 1951-ல் ஆர்வலர்கள் ஊதியமின்றி அதை ஏற்று நடத்தினார்கள். உலகில் இதுவே இத்தகைய முதல் முயற்சி. ஆட்ரி அங்கே தொண்டராகச் சேர்ந்து கார்டு வேலை பார்த்தார். ஒருநாள் சிற்றுண்டி விற்கும் அம்மையாரை நிலையத்திலேயே விட்டுவிட்டு வண்டிக்குக் கொடி காட்டிவிட்டார்! தம் பிழையை மறைக்காமல் அதையே கதையாக்கினார். அந்தப் பாதையின் பழைய எஞ்சின்கள் நூலில் வேறு பெயரோடு ஓடுகின்றன. கதையைப் படித்தவர்கள் அவற்றைக் காண அங்கே செல்கிறார்கள். எஞ்சின்களும் உயிரோடு இருக்கின்றன.

தாமஸுக்கோ அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஓவியர் அதை வரைவதற்கு மாதிரியாகக் கொண்டது 'இ2' என்னும் வகை. 1913 முதல் 1916 வரை அதில் பத்து எஞ்சின்களே கட்டப்பட்டன. 1963-க்குள் பத்தும் உடைத்து இரும்பாக்கப்பட்டன. உலகெங்கும் குழந்தைகள் பெயர் சொல்லி அழைத்த எஞ்சின் வகையில் ஒன்றைக்கூட ஒருவரும் நிறுத்திவைக்கவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். ஆட்ரி 1997-ல் மறைந்தார். அவருடைய பாத்திரங்களைக் கொண்டு 2016-ல் எடுக்கப்பட்ட ஒரு திரைப்படத்தில், இந்தியாவிலிருந்து அஷீமா என்ற எஞ்சின் சோடார் தீவுக்குப் போகிறது. உடல் முழுதும் வண்ணக் கோலங்கள். அன்பர்கள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டார்கள்: அது நமது நீலகிரி மலைப்பாதையின் 'எக்ஸ்' வகை! பெயர் மட்டும் வடநாட்டிலிருந்து வந்தது. வள்ளி என்றோ பொன்னி என்றோ வைத்திருக்கலாம்.

உண்மையான 'எக்ஸ்' எஞ்சின் கதையைக் காட்டிலும் வியப்பானது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும், உதகைக்கு 1908-லும் வண்டி ஓடத் தொடங்கியது. கல்லாறு தாண்டியதும், பன்னிரண்டு அடி சென்றால் ஏறத்தாழ ஓர் அடி உயரும் ஏற்றம். வழவழப்பான சக்கரம் அங்கே வழுக்கும். ஆகையால் தண்டவாளங்களின் நடுவே பல்வைத்த சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்விப் பிடித்து ஏறும். உருளைகள் நான்கு. நீராவி முதலில் இரண்டு உருளைகளில் புகுந்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்கிருந்து வெளிவரும் அதே நீராவி, அழுத்தம் குறைந்த நிலையில், மற்ற இரண்டிலும் புகுந்து பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு கீழிருந்து மேலே தள்ளுகிறது. மீட்டர் பாதையில் ஓடும் எஞ்சின், இங்கிலாந்தின் அகலமான பாதையில் தாமஸோடு எப்படி ஓடியது என்று அன்பர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்த எஞ்சின்கள் முதலில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் கட்டப்பட்டவை. அவை முதுமை எய்தியபோது தாமஸின் இனம்போல அழிய விடப்படவில்லை. புதுக்கோட்டையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவே தொலைவுள்ள திருச்சியின் பொன்மலைப் பணிமனையில், 2010-க்குப் பின் அதே வகை எஞ்சின்கள் புதிதாகக் கட்டப்பட்டன. நீராவி எஞ்சின் கட்டுவதை உலகமே ஏறக்குறைய மறந்துவிட்ட காலத்தில், நம் பக்கத்து ஊர்த் தொழிலாளர்கள் கொதிகலனும் பற்சக்கரமும் செய்து அவற்றை மலைக்கு அனுப்பினார்கள்.

புதுக்கோட்டை, குழந்தை இலக்கியத்துக்குப் புதிய ஊரன்று. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-ல் பிறந்த இராயவரம் இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. இருப்புப்பாதையும் புதிதன்று. தனிச் சமஸ்தானமாயிருந்த காலத்தில், 1929-ல், திருச்சியிலிருந்து இங்கே மீட்டர் பாதை வந்தது. பின்னர் மானாமதுரை வரை நீண்டது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அது அகலப் பாதையாயிற்று. அதில் நீராவி எஞ்சினை ஓட்டியவர்களும், கரி அள்ளிப் போட்டவர்களும், கொடி காட்டியவர்களும் இன்று முதியவர்கள். எந்த எண்ணுள்ள எஞ்சின் பிடிவாதம் பிடித்தது, எந்த மேட்டில் மூச்சு வாங்கியது, மழை நாளில் கீரனூருக்கு எத்தனை மணி தாமதமாக வந்தது என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம்.